கிணற்றுப் பதிவைக் கொண்டு கடலடி எண்ணெய் மணலை மதிப்பிடுவது எப்படி? மலாய்ப் படுகைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கோலாலம்பூரில் எண்ணெய்த் துறையில் புதிதாகச் சேரும் புவியியலாளரின் மேசைக்கு முதல் மாதத்திலேயே ஒரு வேலை வந்துவிடும். திரெங்கானுக் கரைக்கு அப்பால், மலாய்ப் படுகை என்ற கடலடிப் படிவுப் பள்ளத்தில் எப்போதோ தோண்டிய ஒரு கிணற்றின் பதிவுகளை (துளைக்குள் கருவிகளை இறக்கி, பாறையின் இயல்புகளை ஆழவாரியாக அளந்த வளைகோடுகளை) கொடுத்து, “எண்ணெய் மணல் எத்தனை மீட்டர்? எந்தச் சூழலில் படிந்தது?” என்று கேட்பார்கள். பலரும் இதை இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: முதலில் கணக்கு, அப்புறம் அறிக்கையை நிரப்பச் சூழலைப் பற்றி இரண்டு பத்தி. இந்த வரிசை தவறு. மணல் எங்கே, எப்படிப் படிந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் கருவி எந்த இடத்தில் உங்களை ஏமாற்றும் என்று தெரியும். ஆற்று வாய்க்காலில் கெட்டியாகப் படிந்த மணலுக்குச் சரியான விடை தரும் சூத்திரம், ஓதம் ஏறி இறங்கும் சேற்று வெளியில் படிந்த மணலில் எண்ணெயை மறைத்துவிடும்.

மலாய்ப் படுகையின் அடுக்குத் தொகுதிகளை மேலிருந்து கீழாக ஏ முதல் எம் வரை எழுத்திட்டு அழைப்பது வழக்கம். ஏ இளையது, எம் மூத்தது. 1969ல் கண்டுபிடித்த தாப்பிஸ் வயலின் எண்ணெய் ஜே தொகுதியில், ஆழமில்லாக் கடலில் படிந்த மணலில் இருக்கிறது. ஐ தொகுதியில் ஆறும் கழிமுகமும் கலந்து வரும். ஈ தொகுதியில் கரையோரச் சமவெளியும் நிலக்கரியும். கே தொகுதிக்குப் போனால் ஏரிப் படிவுகள். ஆகவே பதிவைத் திறக்கும் முன்பே, எந்தத் தொகுதியைப் பார்க்கப்போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரவாக் கடலில் மத்திய லுக்கோனியாவின் வாயு வயல்கள் சுண்ணாம்புக்கல் திட்டுகளில் இருப்பவை. அவற்றுக்கு வேறு வழிமுறை வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் மணலுக்கு மட்டும்.

படி 1: தலைப்புத் தாளைப் படியுங்கள்

வளைகோடுகளைப் பார்க்கும் ஆவலில் தலைப்புத் தாளைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அதில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆழம் எங்கிருந்து அளக்கப்பட்டது. கடல் கிணற்றில் ஆழம் துளையிடும் மேடைத் தளத்திலிருந்து எண்ணப்படும். ஒரு மேடை கடல்மட்டத்துக்கு 25 மீட்டர் உயரம், இன்னொன்று 40 மீட்டர் என்றால், திருத்தாமல் ஒப்பிடும் இரு கிணறுகளுக்கு இடையில் 15 மீட்டர் சரிவு ஒன்று பொய்யாக முளைக்கும். சாய்ந்த கிணறாக இருந்தால் துளையின் நீளம் வேறு, செங்குத்து ஆழம் வேறு. எல்லாவற்றையும் கடல்மட்டத்துக்குக் கீழான செங்குத்து ஆழமாக மாற்றிய பிறகே இரண்டு கிணறுகளை அருகருகே வையுங்கள்.

இரண்டாவது, துளைச்சேறு, அதாவது துளையிடும்போது துளைக்குள் சுற்றவிடும் குழம்பு. எண்ணெய்ச் சேறு என்றால் தன்னிலை மின்னழுத்தப் பதிவு பயன்படாது. பொட்டாசியம் குளோரைடு கலந்த சேறு என்றால் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் காமாப் பதிவு முழுவதும் சற்று உயர்ந்து நிற்கும். ஏனெனில் பொட்டாசியமே கதிர்வீசும். சேற்றின் எடையைக் கூட்டும் பேரைட் கனிமத்தை அதிகமாகச் சேர்த்திருந்தால், பாறையின் கனிமத்தைக் காட்டும் ஒளிமின் பதிவை நம்பாதீர்கள்.

மூன்றாவது, துளைமுனையின் விட்டம். நான்காவது, அடித்துளை வெப்பநிலையும், சேற்றைச் சுற்றவிடுவதை நிறுத்தி எத்தனை மணி நேரம் கழித்து அது அளக்கப்பட்டது என்பதும். இந்த நேரம் ஏன் முக்கியம் என்பது நீர்ப் பங்கைக் கணக்கிடும்போது புரியும்.

படி 2: கெட்ட தரவை முதலில் ஒதுக்குங்கள்

துளை விட்டப் பதிவைத் துளைமுனை அளவோடு ஒப்பிடுங்கள். 8.5 அங்குலத் துளை 11, 12 அங்குலமாக அகன்றிருந்தால் சுவர் இடிந்து விழுந்திருக்கிறது. அடர்த்திக் கருவி சுவரை ஒட்டிக்கொண்டு போக வேண்டிய கருவி. இடைவெளி விழுந்தால் பாறைக்குப் பதில் சேற்றின் அடர்த்தியை அளந்துவிடும். அடர்த்தித் திருத்தக் கோடு கன சென்டிமீட்டருக்கு 0.15 கிராமுக்கு மேல் ஏறும் இடங்களை நிறமிட்டு வையுங்கள். அங்கே வரும் 35 சதவீத நுண்துளைமை (பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு) பாறைக்குச் சொந்தமில்லை.

பிறகு ஆழப் பொருத்தம். துளையிடும்போதே எடுத்த பதிவில் ஆழம் குழாயின் நீளத்தைக் கொண்டது. கம்பியில் இறக்கி எடுத்த பதிவில் கம்பியின் நீளத்தைக் கொண்டது. இரண்டும் சில மீட்டர் வேறுபடுவது சாதாரணம். காமாக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்துங்கள். பாறை உருளை (கிணற்றிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த பாறைத்துண்டு) எடுத்திருந்தால் அதன் மேல் ஆய்வகத்தில் எடுத்த காமா அளவீட்டையும் இதே போல் பொருத்துங்கள். அடர்த்திப் பதிவும், ஹைட்ரஜனின் அளவைக் காட்டும் நியூட்ரான் பதிவும் அரை மீட்டர் விலகி இருந்தாலே ஒவ்வொரு மணலின் விளிம்பிலும் வாயு இருப்பது போல் ஒரு பொய்த் தோற்றம் வரும்.

படி 3: பாறையை அடையாளம் காணுங்கள்

காமாப் பதிவு ஏபிஐ என்ற அலகில் வரும். பொதுவாகச் சுத்தமான மணல் 30 முதல் 60 வரையும், ஷேல் (இறுகிய களிமண் பாறை) 100க்கு மேலும் காட்டும். ஆனால் காமா அளப்பது கதிர்வீச்சை. மணியின் பருமனை அளப்பதில்லை. மைக்கா, பொட்டாசிய ஃபெல்ஸ்பார், கிளாக்கோனைட் சேர்ந்த மணல் நல்ல மணலாகவே இருந்தாலும் 90 காட்டி ஷேல் வேடம் போடும். அதனால் காமாவை அடர்த்தியும் நியூட்ரானும் சேர்ந்த இரட்டைக் கோட்டோடு வைத்தே பாருங்கள்.

இந்த இரட்டைக் கோட்டில் புதியவர்கள் சறுக்குவது அளவுகோலில். நியூட்ரானைச் சுண்ணாம்புக்கல் அளவில் 45 முதல் எதிர்மறை 15 வரையும், அடர்த்தியை 1.95 முதல் 2.95 வரையும் வரைந்திருந்தால், தண்ணீர் நிறைந்த சுத்தமான மணலிலேயே கோடுகள் லேசாகக் குறுக்கே கடந்து நிற்கும். அது வாயு இல்லை, அளவுகோல் மணலுக்கு ஏற்றதாக இல்லை, அவ்வளவுதான். மணலுக்கு நியூட்ரானை மணற்கல் அளவுக்கு மாற்றி, அடர்த்தியை 1.90 முதல் 2.90 வரை வரையுங்கள். அப்போது தண்ணீர் மணலில் இரண்டும் ஒட்டிப் போகும். வாயு மணலில் அடர்த்தியும் நியூட்ரானும் இரண்டுமே குறைந்து கோடுகள் அகலமாகக் கடக்கும். ஷேலில் நியூட்ரான் உயர்ந்து மறுபக்கம் விலகும். வாயு மணலில் களிமண் கலந்திருந்தால் இந்த இரண்டு விளைவும் ஒன்றையொன்று தின்று, கடப்பே தெரியாமல் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நிலக்கரி தனிப் பாடம். ஈ தொகுதியில் அது அடிக்கடி வரும். காமா குறைவு, மின்தடை எண் (பாறை மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) அதிகம், அடர்த்தி குறைவு: மூன்றும் வாயு மணலின் முகம். தடித்த நிலக்கரி என்றால் அடர்த்தி 1.3 அல்லது 1.5க்கு விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து மெல்லிய நிலக்கரியில்தான். 20, 30 சென்டிமீட்டர் அடுக்கை அடர்த்திக் கருவியால் தனியாகப் பிரிக்க முடியாது. மேலும் கீழும் உள்ள ஷேலோடு சேர்த்துச் சராசரியாக்கி 2.0 என்று காட்டும். மென்பொருள் அதை 39 சதவீத நுண்துளைமை கொண்ட அருமையான மணல் என்று எழுதிக்கொள்ளும். தப்பிக்கும் வழி நியூட்ரானில் இருக்கிறது. நிலக்கரியில் ஹைட்ரஜன் அதிகம்; நியூட்ரான் 40, 50 என்று ஏறும். வாயுவில் அது இறங்கும். ஒலிப்பதிவு இருந்தால் அதையும் பாருங்கள். நிலக்கரியில் ஒலி மெதுவாகப் போகும், ஓர் அடிக்கு 110 மைக்ரோ நொடிக்கு மேல் எடுக்கும். நிலக்கரி அடுக்குகளுக்கெல்லாம் ஒரு தனிக் கொடி போட்டு, கணக்கு தொடங்கும் முன்பே விலக்கிவிடுங்கள்.

இதற்கு நேரெதிர் வேடம் கால்சைட் பூசிய மணல். மின்தடை எண் ஊசி போல் மேலே பாயும். பார்த்தவுடன் எண்ணெய் என்று தோன்றும். அடர்த்தி 2.6ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் அங்கே நுண்துளையே இல்லை.

படி 4: வடிவத்திலிருந்து சூழலுக்கு

காமாக் கோட்டை 1:500 அளவில் வரைந்து, சற்று விலகி நின்று பாருங்கள். மூன்று வடிவங்கள் கண்ணில் படும். கீழே ஷேலில் தொடங்கி மேலே போகப்போகச் சுத்தமாகி, உச்சியில் சட்டென்று முடிவது புனல் வடிவம்; கடற்கரை முன்னேறி வந்ததையோ ஆற்றுமுகத்தில் மணல் திட்டு வளர்ந்ததையோ காட்டும். அடியில் சட்டென்று மணலாகத் தொடங்கி மேலே மெல்ல மெல்லக் களிமண் கூடுவது மணி வடிவம். வாய்க்கால் ஒன்று அரித்து, நிரம்பி, ஓய்ந்தது. மேலும் கீழும் வெட்டியது போல் நேராக நிற்பது பெட்டி வடிவம். வாய்க்கால் மணல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டது.

இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். வேலையில் கெட்டுப்போவது இதற்கு அடுத்த அடியில். ஒரு வடிவத்துக்கு ஒரே சூழல் என்று எழுதிவிடுகிறார்கள். கடலுக்குள் வளர்ந்த டெல்டாவும் புனல்தான், ஏரிக்குள் வளர்ந்த டெல்டாவும் புனல்தான். கே தொகுதியில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். ஆற்று வளைவின் உள்பக்கத்தில் சேர்ந்த மணலும் மணி வடிவம், ஓத வாய்க்காலின் மணலும் மணி வடிவம். தனி வடிவத்தைப் பார்க்காமல் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மணி வடிவத்தின் தலையில் நிலக்கரியும் வேர்த்தடம் கொண்ட களிமண்ணும் இருந்தால் ஆற்றுச் சமவெளி. மேலே ஒரே சீரான, காமா மிக உயர்ந்த ஷேல் போர்வை இருந்தால் கடல் உள்ளே வந்திருக்கிறது. கோடு முழுக்க ரம்பப் பல் போல் நடுங்கினால் மணலுக்குள் சேற்று மென்படலங்கள் இருக்கின்றன, ஓதத்தைச் சந்தேகியுங்கள்.

இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டாம். கிள்ளான், லங்காட் ஆறுகள் கடலில் சேரும் இடம் ஓதத்தின் ஆட்சியில் உள்ள டெல்டா; கிள்ளான் துறைமுகத்தில் பெரு ஓத நாளில் நீர் ஏறி இறங்கும் அளவு நான்கு மீட்டரை ஒட்டி இருக்கும். கேரித் தீவுப் பக்கமோ, சற்று வடக்கே கோலா சிலாங்கூரிலோ, ஓத அட்டவணையைப் பார்த்து நீர் வற்றத் தொடங்கும் வேளையில் போங்கள். சேற்றின் உள்ளே நடக்காதீர்கள், முழங்காலுக்கு மேல் புதையும். கரையோரத்தில் நின்றபடியே ஒரு மண்வெட்டி ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சாம்பல் நிறச் சேறும் வெளிறிய நுண்மணலும் மில்லிமீட்டர் கணக்கில் மாறி மாறி வருவது தெரியும். நடுநடுவே நண்டு வளை மணலைச் சேற்றுக்குள் இறக்கியிருக்கும். திரும்பிப் பார்த்தால் அலையாத்தி மரங்கள். அவற்றுக்கும் பின்னால், கோலா லங்காட் பக்கம் உள்ளே போகப்போகக் கரிமண் காடு. அழுகாத இலையும் மரக்கட்டையும் கறுப்பாய் ஊறிக் கிடக்கும் பீட் நிலம்.

கடலடி மணல், சேற்று வெளி, அலையாத்தி, கரிமண் என்று தரையில் பக்கம் பக்கமாக இருப்பவையே, கரை கடலை நோக்கி நகர நகர, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். யோஹானஸ் வால்தர் 1894ல் சொன்ன விதி இது. ஈ தொகுதியில் மணல், ரம்பப் பல், ஷேல், மேலே நிலக்கரி என்று வரிசையாக வருவதைப் பதிவில் பார்க்கும்போது, கேரித் தீவிலிருந்து உள்நாட்டுக்கு நடந்த அந்த வழியைத்தான் செங்குத்தாகப் பார்க்கிறீர்கள். ஆனால் நடுவே அரிப்பு விழுந்த இடத்தில் இந்த விதி செல்லாது. மணி வடிவத்தின் கூர்மையான அடிப்பகுதி அப்படிப்பட்ட இடம்.

பதிவோடு நிறுத்தாமல், துளையிடும்போது சேற்றோடு மேலே வந்த துளைத்தூளில் செய்த மகரந்த ஆய்வைக் கேட்டு வாங்குங்கள். மலாய்ப் படுகையின் பெரும்பகுதி திறந்த கடலாக இருந்ததில்லை. ஆகவே கடல் நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள் பல அடுக்குகளில் கிடைக்காது. அலையாத்தி மகரந்தம் குவிந்திருந்தால் உப்பு நீர் எட்டியது என்பதற்கு அது நல்ல சான்று. நிலநடுக்க அலைத் தரவின் (செயற்கையாக அதிர்வை உண்டாக்கி அடுக்குகளின் எதிரொலியைப் பதிந்த தரவு) கிடைவெட்டில் வளைந்து நெளியும் வாய்க்கால் தெரிந்தால் இன்னும் நல்லது. பதிவு, மகரந்தம், அலைத்தரவு மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாத வரை சூழலின் பெயரை அறிக்கையில் பென்சிலால்தான் எழுத வேண்டும்.

படி 5: களிமண் பங்கும் நுண்துளைமையும்

காமாவிலிருந்து களிமண் குறியீடு எடுப்பது எளிது: அந்த இடத்துக் காமாவிலிருந்து சுத்த மணலின் காமாவைக் கழித்து, ஷேலுக்கும் சுத்த மணலுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மணல் 40, ஷேல் 120, நம் இடம் 80 என்றால் குறியீடு 0.5. அப்படியே எடுத்தால் களிமண் பங்கு 50 சதவீதம். டெர்ஷரிக் காலத்து இளம் பாறைகளுக்கான லாரியோனொவ் திருத்தத்தைப் போட்டால் அதே இடம் 22 சதவீதம். ஒரே எண்ணுக்கு இவ்வளவு இடைவெளி. எது சரி என்று பாறை உருளையின் கனிம ஆய்வோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது இல்லாத இடத்தில் நியூட்ரான், அடர்த்தி வழியே வரும் களிமண் பங்கோடு ஒப்பிடுங்கள். சுத்த மணல், ஷேல் அளவுகளை ஒரு கிணறு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைக்காமல் தொகுதி மாறும்போது மாற்றுங்கள்.

நுண்துளைமைக்கு அடர்த்தியே முதல் நம்பிக்கை. மணற்பாறையின் மணி அடர்த்தி 2.65. பதிவு 2.25 காட்டுகிறது. துளைகளில் இருக்கும் திரவத்தின் அடர்த்தி 1.0 என்று வைத்தால், 2.65லிருந்து 2.25 போக 0.40, அதை 1.65ஆல் வகுத்தால் 24 சதவீதம். கிணறு எண்ணெய்ச் சேற்றில் தோண்டியது என்றால் சுவரோரத்தில் கருவி பார்ப்பது சேற்றெண்ணெயை; திரவ அடர்த்தி 0.85 என்று வைத்தால் 22 சதவீதம். வாயு மணலில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். அங்கே நியூட்ரானோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். களிமண்ணின் துளைகளில் அடைபட்ட நீர் நகராது, எண்ணெய்க்கு இடம் தராது. ஆகவே மொத்த நுண்துளைமை, பயன்படு நுண்துளைமை இரண்டையும் தனித்தனியே எழுதி, எது எந்தச் சூத்திரத்துக்குப் போகிறது என்று குறித்துவையுங்கள். இரண்டையும் கலந்துவிடுவதுதான் அறிக்கைகளில் மிக அதிகம் காணும் பிழை.

படி 6: நீர்ப் பங்கு

மணலின் துளைகளில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எண்ணெய் என்பதே எல்லாரும் காத்திருக்கும் எண். ஆர்ச்சி 1942ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அடித்தளம். எளிய வடிவில் சொன்னால், அடுக்கு நீரின் (பாறைத் துளைகளில் இயற்கையாகவே இருக்கும் நீரின்) மின்தடை எண்ணை நுண்துளைமையின் இருமடியால் வகுத்தால், மணல் முழுக்கத் தண்ணீராக இருந்தால் காட்டக்கூடிய மின்தடை எண் கிடைக்கும். அதைப் பதிவு காட்டும் உண்மை மின்தடை எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நீர்ப் பங்கு.

பாடத்துக்காக ஒரு மணலை எடுத்துக்கொள்வோம். நுண்துளைமை 0.24, ஆழ மின்தடை எண் 20 ஓம்-மீட்டர், அடுக்கு வெப்பநிலை 100 டிகிரி. ஆய்வகம் தந்த நீர் மாதிரியின் மின்தடை எண் 25 டிகிரியில் 0.65. கடல்நீர் அதே வெப்பத்தில் ஏறத்தாழ 0.2தான் காட்டும், அதாவது இந்த நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. மலாய்ப் படுகையில் இது சகஜம்.

முதல் பொறி இங்கேதான். 0.65ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டால் நீர்ப் பங்கு 75 சதவீதம் வரும். மணலைத் தண்ணீர் என்று கைவிட்டுவிடுவீர்கள். நீர் சூடேற மின்சாரம் எளிதாகப் பாயும், மின்தடை எண் இறங்கும். செல்சியஸில் திருத்தம் இப்படி: 0.65ஐ 46.5ஆல் பெருக்கி 121.5ஆல் வகுக்க வேண்டும். 25, 100 இரண்டோடும் 21.5 கூட்டிய எண்கள் அவை. விடை 0.25. இப்போது 0.25ஐ 0.0576ஆல் வகுத்தால் 4.34, அதை 20ஆல் வகுத்தால் 0.217, வர்க்கமூலம் 0.47. நீர்ப் பங்கு 47 சதவீதம். எண்ணெயின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக இரட்டிப்பானது வெப்பத் திருத்தம் ஒன்றினால் மட்டும்.

தலைப்புத் தாளில் குறிக்கச் சொன்ன மணி நேரம் இங்கே உதவும். சுழன்றுகொண்டிருந்த சேறு துளையின் அடியைக் குளிர்வித்து வைத்திருக்கும்; உடனே அளந்த வெப்பநிலை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். அடுத்தடுத்து இறக்கிய கருவிகளின் அளவீடுகளை நேரத்துக்கு எதிராக வரைந்து, நீண்ட நேரம் ஓய்ந்திருந்தால் எங்கே போய் நிற்கும் என்று நீட்டிப் பாருங்கள். மலாய்ப் படுகையில் ஒரு கிலோமீட்டருக்கு 40 முதல் 50 டிகிரி வரை வெப்பம் ஏறும். வேறு நாட்டுக் கிணறுகளின் 30 டிகிரியை இங்கே கொண்டுவந்து வைத்தால் நீர்ப் பங்கு எல்லா மணலிலும் கூடிப்போகும்.

நீர் மாதிரியே இல்லாவிட்டால், அதே தொகுதியில் அருகே உள்ள சுத்தமான தண்ணீர் மணலைத் தேடுங்கள். அங்கே நுண்துளைமை 0.25, மின்தடை எண் 4 என்றால், 0.0625 பெருக்கல் 4, அதாவது 0.25. மாதிரியிலிருந்து வந்த எண்ணோடு ஒத்துப்போகிறது. நிம்மதியாக மேலே போகலாம். ஒரு தொகுதியின் நீரை இன்னொரு தொகுதிக்குக் கடன் கொடுக்காதீர்கள். நன்னீர் அடுக்கு ஒன்றில் அடுக்கு நீரே 0.8 என்று இருந்தால், எண்ணெயே இல்லாத மணல் 14 ஓம்-மீட்டர் காட்டும். சூழல் இங்கே மறுபடியும் பேசும்: ஆற்றுச் சமவெளி மணலில் மின்தடை எண்ணை மட்டும் பார்த்து எண்ணெய் என்று சொல்லக் கூடாது.

நுண்துளைமையின் அடுக்குக்குறியை 2 என்று வைத்தோம். அதை 1.8 ஆக்கினால் 47 சதவீதம் 40 ஆகிறது. இது பாறை உருளையில் ஆய்வகம் அளந்து தர வேண்டிய எண். வசதிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் எண் இல்லை. களிமண் கலந்த மணலுக்கு ஆர்ச்சி போதாது. நன்னீரும் களிமண்ணும் சேர்ந்த இடங்களுக்கென்று 1971ல் பூப்போனும் லவோவும் உருவாக்கிய ‘இந்தோனேசியச் சூத்திரம்’ இந்தப் பகுதியில் நன்றாகவே உழைக்கிறது. உருளை ஆய்வில் களிமண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் அளந்திருந்தால் வாக்ஸ்மன்–ஸ்மிட்ஸ் முறைக்குப் போங்கள்.

படி 7: மெல்லிய அடுக்குகளில் ஒளியும் எண்ணெய்

கேரித் தீவில் துடைத்துப் பார்த்த அந்த வெட்டுமுகத்தை நினைவில் வையுங்கள். ஓத மணலில் எண்ணெய் நிரம்பினால் பதிவு என்ன காட்டும்? மணல் படலம் 20 ஓம்-மீட்டர், ஷேல் படலம் 2 ஓம்-மீட்டர், இரண்டும் சரிபாதி என்று வைப்போம். செங்குத்துக் கிணற்றில், மின்தடை எண்ணை அளக்கும் தூண்டல் கருவியின் மின்னோட்டம் படலங்களின் ஊடே படுக்கையாகப் பாயும். எளிதான வழியான ஷேலைத் தேர்ந்துகொள்ளும். கடத்துத்திறன்களைக் கூட்டினால் 0.025 உடன் 0.25, மொத்தம் 0.275. தலைகீழாக்கினால் 3.6 ஓம்-மீட்டர். பாதி பாறை 20 காட்டக்கூடிய எண்ணெய் மணல். பதிவில் வருவதோ தண்ணீர் மணலைப் போன்ற எண். குறைந்த மின்தடையில் மறைந்து கிடக்கும் இத்தகைய எண்ணெய் மணல்கள் மலேசியக் கடலில் பல இடங்களில் உண்டு.

கருவியை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் இரண்டு சென்டிமீட்டர் படலத்தை அது பிரித்துக் காட்டாது. சூழல் ஓதச் சேற்று வெளி என்று நான்காம் படியில் முடிவானால், இந்த மணலுக்கு ஆர்ச்சியை நேரடியாகப் போடுவதை நிறுத்துங்கள். துளைச்சுவரின் படிமப் பதிவிலோ, புறஊதா ஒளியில் எடுத்த பாறை உருளைப் படத்திலோ மணல் படலங்களின் மொத்தப் பங்கை எண்ணுங்கள். புறஊதாப் படத்தில் எண்ணெய்ப் படலங்கள் மஞ்சளாய் ஒளிரும், கண்ணால் எண்ணிவிடலாம். தாமஸ்–ஸ்டைபர் வரைபடம் களிமண் படலமாக இருக்கிறதா, துளைகளுக்குள் பரவி இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும். மூன்று அச்சுகளிலும் அளக்கும் தூண்டல் பதிவு எடுத்திருந்தால் செங்குத்துத் திசை மின்தடை எண்ணும் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 11. மூன்றரைக்கும் பதினொன்றுக்கும் உள்ள அந்த இடைவெளியே எண்ணெய் இருப்பதற்கான குறிப்பு. பிறகு மணல் படலத்துக்கு மட்டும் நீர்ப் பங்கைக் கணக்கிட்டு, பங்கால் பெருக்குங்கள்.

படி 8: அழுத்தப் புள்ளிகள்

மின்தடை எண்ணுக்கு வெளியே நிற்கும் சுயேச்சையான சாட்சி, கிணற்றில் பல ஆழங்களில் கருவியால் அளந்த அடுக்குத் திரவத்தின் அழுத்தம். நன்னீர் ஓர் அடிக்கு 0.433 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) கூட்டும்; அடுக்கு நீர் 0.43 முதல் 0.45, எண்ணெய் பெரும்பாலும் 0.30 முதல் 0.35, வாயு 0.1ஐ ஒட்டி. ஆழத்துக்கு எதிராகப் புள்ளிகளை வரைந்து, எண்ணெய்க் கோடும் நீர்க் கோடும் வெட்டும் இடத்தைத் திரவ எல்லையாக எடுங்கள்.

மெல்லிய மணலில் இதை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். 10 மீட்டர் எண்ணெய்த் தூணில் எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள மொத்த வித்தியாசமே மூன்று பிஎஸ்ஐதான். ஆழத்தில் ஒரு மீட்டர் பிழை கிட்டத்தட்ட ஒன்றரை பிஎஸ்ஐயைக் கொண்டுபோய்விடும். ஊடுருவுதிறன் குறைந்த மணலில் சேற்றின் அழுத்தம் உள்ளே அடைபட்டு, புள்ளி உண்மையைவிட உயர்ந்து நிற்கும்; அழுத்தம் மீண்டு வரும் கோட்டைப் பார்த்து, நிலைபெறாத புள்ளிகளைத் தூக்கிவிடுங்கள். மிச்சம் நான்கு நல்ல புள்ளிகள் இல்லையென்றால் கோடு போடாமல் இருப்பதே மேல்.

படி 9: கழிவு எல்லையும் கிணறுகளை இணைப்பதும்

எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம். களிமண் 40 அல்லது 50 சதவீதத்துக்கு மேல், நுண்துளைமை 10 அல்லது 12க்குக் கீழ், நீர்ப் பங்கு 60, 65க்கு மேல் உள்ள மீட்டர்களைக் கழிப்பது பரவலான வழக்கம். எல்லா வயலுக்கும் பொருந்தும் எண் எதுவும் கிடையாது. உருளை மாதிரிகளில் நுண்துளைமைக்கு எதிராக ஊடுருவுதிறனை வரைந்து, எண்ணெய் நகரும் என்று உற்பத்திப் பொறியாளர்கள் ஏற்கும் அளவில் வெட்டி அந்த எண்ணைப் பெறுங்கள். எல்லையைச் சற்று ஏற்றியும் இறக்கியும் மீட்டர் எவ்வளவு மாறுகிறது என்று அட்டவணை போடுங்கள். கொஞ்சம் அசைத்தாலே மீட்டர் பாதியாகிறது என்றால் மெல்லிய அடுக்குச் சிக்கல் இன்னும் தீரவில்லை. ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

பக்கத்துக் கிணறுகளோடு இணைக்கும்போது மணலை மணலோடு கோடு போட்டுச் சேர்ப்பது புதியவர்களின் முதல் பழக்கம். வாய்க்கால் மணல் பக்கவாட்டில் சில நூறு மீட்டரிலேயே மறைந்துவிடலாம். அடுத்த கிணற்றில் அதே ஆழத்தில் நிற்பது வேறொரு காலத்து வாய்க்காலாக இருக்கலாம். கடல் உள்ளே புகுந்தபோது அகலமாகப் பரவிய ஷேலைத் தேடுங்கள். காமா உச்சத்தில் நிற்கும், பல கிணறுகளில் ஒரே முகத்தோடு வரும். அதைச் சமதளமாக வைத்து எல்லாக் கிணறுகளையும் தொங்கவிடுங்கள். பரவலான நிலக்கரி அடுக்கும் இதற்கு உதவும். இரண்டு சமதளங்களுக்கு நடுவே மணல்கள் எங்கே தொடர்கின்றன, எங்கே முடிகின்றன என்பதை வடிவத்தையும் சூழலையும் வைத்து முடிவுசெய்யுங்கள்: புனல் வடிவக் கரையோர மணல் கிலோமீட்டர் கணக்கில் தொடரும் என்று எதிர்பார்க்கலாம், மணி வடிவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாகத் திரவ எல்லைகளை அந்த இணைப்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரே மணல் என்று நீங்கள் இணைத்த இரு கிணறுகளில் எண்ணெய்–நீர் எல்லை 12 மீட்டர் வேறுபட்டால், முதலில் மேடை உயரத்தையும் சாய்வுத் திருத்தத்தையும் மறுபடி சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, அழுத்தக் கோடுகளும் விலகியே நின்றால், நடுவே ஒரு பிளவு ஓடுகிறதா என்று நிலநடுக்க அலைத் தரவைக் கேளுங்கள். பிளவும் இல்லையென்றால் அவை இரண்டு தனித்தனி வாய்க்கால்கள். வரைபடத்தில் அந்த மணலை நடுவில் முறித்து, இரு பக்கத்துக்கும் தனித்தனியே கொள்ளளவு போடுங்கள்.